கொதிப்பு மாத்திரை: பெயரும் வேலையும் அறிந்து உட்கொள்வோம்

உயர் இரத்த அழுத்தத்துக்காகப் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடம் மருத்துவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” அதற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் நிறத்தையும் வடிவத்தையும் பற்றியவை. “வெள்ளையா, வட்டமா, சின்னதா ஒண்ணு”, “கொதிப்புக்குக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு”, “போன தடவை நீங்க எழுதினதுதான் சார்.” மாத்திரையின் பெயரையும் மி.கி. அளவையும் சேர்த்துச் சொல்பவர்கள் சிலர். அது உடலில் என்ன செய்கிறது, எவ்வளவு காலம் உட்கொள்ள வேண்டும், எந்தத் தொந்தரவு வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அதனினும் சிலர். இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு நாம் எண்ணும் அளவுக்கு இல்லை. பட்டம் பெற்றவர் திகைத்து நிற்பதும், எழுத்தறியாத ஆச்சி ஒருவர் அட்டையின் ஓரத்திலுள்ள நிறக்கோட்டைக் காட்டி ஒவ்வொரு மாத்திரைக்கும் உரிய வேளையைப் பிழையின்றிச் சொல்வதும் எங்கள் பிரிவில் அன்றாடக் காட்சிகள்.

நிறத்தை நம்புவதில் ஓர் இடர் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளில் பல வெள்ளை நிறத்தவை, வட்ட வடிவின. சர்க்கரைநோய்க்கும் தைராய்டுக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் அவ்வாறே. அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மருந்து வாங்கி அனுப்புகிறது. தயாரிக்கும் நிறுவனம் மாறும்போது அதே மருந்து வேறு நிறத்தில், வேறு அட்டையில் வரக்கூடும். தனியார் மருந்துக்கடையிலும் ‘அந்தக் கம்பெனி இல்லை, இதுவும் அதேதான்’ என்று மாற்றித் தருவது உண்டு. வீட்டிலுள்ள முதியவர் அதைப் புதிய மருந்து என்று எண்ணிப் பழைய அட்டையில் மீதமிருப்பதையும் இதையும் சேர்த்தே உட்கொள்கிறார். ஒரு வாரத்தில் எழுந்து நின்றால் தலைசுற்றல், கீழே விழுதல் என்று வருகிறார். இரண்டு அட்டைகளின் பின்புறத்தையும் படித்தால் ஒரே பெயர்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் 2020-இல் நடத்தப்பட்ட ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே. உலக அளவிலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. 30 முதல் 79 வயதுக்கு உட்பட்டோரில் சுமார் 128 கோடி பேருக்கு இந்நோய் உள்ளதாகவும், ஐவரில் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. நோய் இருப்பதே தெரியாதவர்கள் பலர். தெரிந்தும் மருத்துவம் தொடங்காதவர்கள் உண்டு. மாத்திரை கையில் இருந்தும் அதை அரைகுறையாக உட்கொள்பவர்களும் உண்டு. இக்கட்டுரை மூன்றாம் பிரிவினருக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் உரியது. அவர்களுக்கு மருந்து கிடைக்கிறது. அதைப் பற்றிய விளக்கம்தான் போய்ச் சேரவில்லை. அந்த விளக்கத்தைத் தர வேண்டிய கடமை மருத்துவர்களாகிய எங்களுடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அது முழுமையாக நிறைவேறுவதில்லை.

நம் பகுதியில் இந்நோய்க்கு வழங்கும் பெயரே சில தவறான எண்ணங்களுக்கு வித்திடுகிறது. ‘இரத்தக் கொதிப்பு’, சுருக்கமாகக் ‘கொதிப்பு’. கொதிப்பு என்றதும் சூடு நினைவுக்கு வருகிறது. சூடு என்றால் குளிர்விக்க வேண்டும். எனவே எண்ணெய்க் குளியல், இளநீர், நீராகாரம், சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்து அருவி. ‘பத்து நாள் அருவியில குளிச்சேன் சார், கொதிப்பு எறங்கிடுச்சு, மாத்திரையை விட்டுட்டேன்’ என்று ஆனி, ஆடி மாதங்களில் ஒருவராவது சொல்லாமல் இருப்பதில்லை. அருவிக் குளியலின் இன்பத்தை மறுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் இரத்தம் யாருக்கும் கொதிப்பதில்லை. உயர் இரத்த அழுத்தம் உள்ளவரின் உடல் வெப்பநிலையும் மற்றவரின் வெப்பநிலையும் ஒன்றே. இங்கே கூடுதலாக இருப்பது இரத்தக் குழாய்ச் சுவரின் மீது இரத்தம் செலுத்தும் விசை. குளிர்ந்த நீர் திடீரென உடலில் படும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் அப்போதைக்குச் சற்று உயரவே செய்யும். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், அண்மையில் நெஞ்சுவலி வந்தவர்கள், அருவியின் நேர்விழுக்கில் தலையைக் கொடுத்து நெடுநேரம் நிற்பதைத் தவிர்ப்பது நல்லது.

கோபக்காரருக்குத்தான் கொதிப்பு வரும் என்பதும் அதே பெயரின் விளைவு. அமைதியே உருவானவர்களுக்கும் இந்நோய் வருகிறது.

இன்னொரு எண்ணம் இதைவிட ஆபத்தானது: ‘தலை கிறுகிறுத்தால் கொதிப்பு ஏறியிருக்கிறது, கிறுகிறுப்பு இல்லையென்றால் கொதிப்பு இல்லை.’ இதை நம்புபவர்கள் தலைவலி வந்த நாளில் மட்டும் மாத்திரை போடுகிறார்கள். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியையும் தருவதில்லை. 180 என்ற அளவிலும் ஒருவர் வயலில் வேலை செய்துகொண்டிருப்பார். தமக்கு ஒன்றுமில்லை என்றே உறுதியாகச் சொல்வார். அந்த ஆண்டுகளில் மூளை, இதயம், சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் சிறு இரத்தக் குழாய்கள் தடித்தும் குறுகியும் சிதைந்துகொண்டிருக்கும். மாத்திரை தலைவலிக்கோ கிறுகிறுப்புக்கோ தரப்படுவதன்று. பிற்காலத்தில் வரக்கூடிய பக்கவாதத்தையும் மாரடைப்பையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தடுப்பதற்குத் தரப்படுவது. அதனால்தான் அதை உட்கொள்ளும்போது உடலில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. உட்கொள்ளாத நாளிலும் தெரிவதில்லை.

மருந்தே இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச் மாதத்தில் இரத்த அழுத்தம் 186/108 என்று பதிவாகியது. அந்நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் உடனிருந்தனர். உப்பைக் குறைக்கவும் ஓய்வெடுக்கவும் சொல்வதைத் தவிர அழுத்தத்தைக் குறைக்க அவர்களிடம் பயனுள்ள மருந்து எதுவும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று கடும் தலைவலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190. மூளையில் இரத்தக் கசிவால் அன்றே 63-ஆம் வயதில் காலமானார். இன்று தென்காசி மாவட்டத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விலையின்றிக் கிடைக்கும் மாத்திரைகள் அன்று அவருக்குக் கிடைக்கவில்லை.

‘செக் பண்ணினேன், நார்மல் ஆயிடுச்சு, அதனால நிறுத்திட்டேன்’ என்பது அடிக்கடி கேட்கும் மற்றொரு விடை. இதற்கு ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. காய்ச்சல் நின்றால் காய்ச்சல் மாத்திரையை நிறுத்துகிறோம். புண் ஆறினால் மருந்து போடுவதை நிறுத்துகிறோம். அதே வழக்கத்தை இங்கும் பின்பற்றுகிறார்கள். ஆனால் 130/80 என்ற அந்த நல்ல அளவு மாத்திரையின் உதவியால் வந்தது. கண்ணாடி அணிந்தபின் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக யாரும் கண்ணாடியைக் கழற்றி வைப்பதில்லை அல்லவா? மாத்திரையை நிறுத்தினால் சில நாள்களிலோ சில வாரங்களிலோ அழுத்தம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். எடை நன்கு குறைந்து, உப்பும் மதுவும் குறைந்து, உடலுழைப்பு கூடியவர்களுக்கு அளவைக் குறைக்கவோ ஒரு மருந்தை நிறுத்தவோ இயலும் சூழல்கள் உண்டு. அதை மருத்துவர் அழுத்தத்தை அளந்து, படிப்படியாகச் செய்ய வேண்டும்.

இனி, மாத்திரைகளின் வேலை. நம் ஊரில் கிணற்று மோட்டாரும் குழாயும் அறியாதவர் இல்லை. குழாயில் அழுத்தம் கூடுவதற்கு மூன்று வழிகள்: மோட்டார் வேகமாக ஓடலாம், குழாயில் தண்ணீர் அதிகமாகலாம், குழாயின் வாய் குறுகலாம். இதயம், இரத்தத்தின் அளவு, இரத்தக் குழாய் ஆகிய மூன்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஒவ்வொரு மருந்தும் இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறது.

ஆம்லோடிபின் குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இந்தியாவில் மிக அதிகமாகத் தரப்படும் அழுத்த மாத்திரைகளுள் இது ஒன்று. உடலில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாகவே வெளியேறும் மருந்து. முழுப் பயனும் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே இரண்டு நாளில் ‘கேட்கவில்லை’ என்று முடிவுகட்டுவதும், ஒரு நாள் அளவு கூடியிருப்பதைக் கண்டு இரண்டாகப் போடுவதும் பொருளற்றவை. இதன் பக்கவிளைவாகச் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இவ்வீக்கம் உண்டாக்கும் அச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கால் வீங்கினால் ‘கிட்னி போய்விட்டது’ என்று வீட்டார் முடிவுசெய்து, எல்லா மாத்திரைகளையும் ஒருசேர நிறுத்திவிடுகிறார்கள். ஆம்லோடிபினால் வரும் வீக்கம் சிறுநீரகக் கோளாறால் வருவதன்று; விரிந்த குழாய்களிலிருந்து நீர் கசிந்து காலில் தங்குவதால் வருவது. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ நீங்கிவிடும். சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் கோளாறாலும் கால் வீங்கக்கூடும் என்பதால், எதுவென்று பரிசோதித்துப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. வீக்கம் என்று தெரிந்தவுடன் வாருங்கள். அதுவரை மற்ற மாத்திரைகளை நிறுத்த வேண்டா.

டெல்மிசார்டன், லோசார்டன் ஆகியவை ஒரு குடும்பம். எனலாப்ரில், ராமிப்ரில் அதன் பங்காளிகள். இரத்தக் குழாயைச் சுருக்கும்படி உடலே பிறப்பிக்கும் ஓர் ஆணையை இவை தடுக்கின்றன. சர்க்கரைநோயால் சிறுநீரில் புரதம் கசிபவர்களுக்கு இம்மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதுகாக்கின்றன. ‘பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்’ என்று ஊரில் உலவும் பேச்சுக்கு நேரெதிரான உண்மை இது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்குள் அடங்காத அழுத்தம். எனலாப்ரில் வகையினால் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. மாத்திரையை மாற்றினால் இருமல் நின்றுவிடும். இவ்விரு குடும்ப மருந்துகளும் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்பவை. எனவே கருத்தரித்த பெண்களும் கருத்தரிக்க விரும்பும் பெண்களும் இவற்றை உட்கொண்டுவந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவையும் இவை சற்று உயர்த்தும். அதனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் இளநீர் அருந்துவதும், ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கப்படும் பொட்டாசிய உப்பைப் பயன்படுத்துவதும் கூடாது. இந்துப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதைச் சேர்ப்பதால் உப்பு குறைந்ததாகாது.

ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தாலிடோன் ஆகியவை சிறுநீர்ப் பெருக்கிகள். மிகையான உப்பையும் நீரையும் வெளியேற்றுபவை. காலையில் உட்கொண்டால் இரவு உறக்கம் கெடாது. திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பேருந்தில் போகும் நாளில் சிறுநீர் நெருக்கும் என்று பெண்கள் இதைத் தவிர்ப்பதை நான் அறிவேன். பேருந்து நிலையக் கழிப்பறைகளின் நிலையை நினைத்தால் அவர்களைக் கடிந்துகொள்ள முடியவில்லை. அத்தகைய நாளில் வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், வழி சொல்வார்.

அடினோலால், மெட்டோப்ரொலால் போன்றவை மோட்டாரின் வேகத்தைத் தணிப்பவை, நாடித்துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மறவாமல் சொல்ல வேண்டிய இடம் இது. இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுப் படபடப்பும், இதயநோயாளிகளுக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட நேரலாம். குளோனிடின் என்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிருந்ததைவிடக் கடுமையாக எகிறும்.

ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று வகை தரப்படுவதன் காரணம் இப்போது விளங்கும். நோய் முற்றிவிட்டது என்பதன்று அதன் பொருள். ஒரே மருந்தை இருமடங்காக்குவதைவிட, வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் இரண்டைக் குறைந்த அளவில் சேர்ப்பது கூடுதல் பயன் தரும், பக்கவிளைவும் குறைவு. இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருவதும் உண்டு. விற்பனைப் பெயருக்குப் பின்னால் வரும் ‘ஏ.எம்.’ என்ற எழுத்துகள் பெரும்பாலும் ஆம்லோடிபினையும் ‘எச்’ என்பது ஹைட்ரோகுளோரோதயசைடையும் குறிக்கும். இதைக் கவனியாமல், கூட்டு மாத்திரையோடு தனி ஆம்லோடிபினையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. ஒரு மருத்துவர் எழுதியது ஓர் அட்டை. வேறு ஊரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது இன்னொருவர் எழுதியது மற்றோர் அட்டை. இரண்டும் ஒரே பையில் சேர்ந்துவிடுகின்றன. வளைகுடா நாடுகளிலிருந்து பிள்ளைகள் அன்போடு அனுப்பும் மாத்திரைகள் மூன்றாவதாகச் சேர்கின்றன. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது விற்பனைப் பெயர்; அதனருகே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். படிக்க வேண்டியது சிறிய எழுத்தை.

கணவருக்கு எழுதியதை மனைவியும் போட்டுக்கொள்வது சிக்கனமாகத் தோன்றலாம். மேலே சொன்ன இருமல், ஆஸ்துமா, பொட்டாசியம் ஆகியவற்றை நினைத்துப் பார்த்தால் அது ஏன் கூடாது என்று புரியும்.

அழுத்த மாத்திரைகளின் வேலையைக் கெடுக்கும் வேறு மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழப்பாவூர், கடையம், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுவதும் குனிந்து அமர்ந்திருக்கிறார்கள். கழுத்துவலி, இடுப்புவலி அவர்களை விடுவதில்லை. விசைத்தறியில் நிற்பவர்களுக்கும் வயல்வேலை செய்பவர்களுக்கும் மூட்டுவலி. மருந்துக்கடையில் ‘செட் மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். அந்தச் செட்டில் டைக்ளோபினாக், ஐபுபுரோபென், அசெக்ளோபினாக் போன்ற வலிநிவாரணி ஒன்று பெரும்பாலும் இருக்கும். சில வேளை ஸ்டீராய்டும் இருக்கும். இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை உயர்த்துகின்றன. டெல்மிசார்டன், எனலாப்ரில், சிறுநீர்ப் பெருக்கி ஆகியவற்றின் பயனைக் குறைக்கின்றன. இம்மூன்றும் ஒன்றுசேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பழுதாகவும் கூடும். ‘எத்தனை மாத்திரை எழுதினாலும் குறையவில்லை’ என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வலிமாத்திரையைப் பற்றித்தான். பெரும்பாலோர் அதை மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, பிசியோதெரபி உதவுமா என்று கேளுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது எங்கள் நோக்கமன்று.

நாட்டு மருந்து சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. பொதிகை மலையடிவாரத்தில் மூலிகையை மதியாதவர் யார்? சர்ப்பகந்தி வேரால் இரத்த அழுத்தம் குறைவதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் எழுதினார். அவ்வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுத்த ரெசர்பின் பல ஆண்டுகள் உலகமெங்கும் பயன்பட்டது. சிலருக்கு அது கடும் மனச்சோர்வைத் தந்ததும் உண்மை. மூலிகைக்கு வலிமை உண்டு என்பதனால்தான் எதை, எவ்வளவு உட்கொள்கிறீர்கள் என்று நாங்கள் அறிய விரும்புகிறோம். இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் வீட்டில் பயன்படுத்தும் அதிமதுரத்தைத் தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால் அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். இது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

காலையா, இரவா என்று பலர் கவலைப்படுகிறார்கள். பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், இரண்டுக்கும் இடையே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. மறக்காமல் போட முடிகிற வேளையே நல்ல வேளை. ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால் அழுத்த மாத்திரையையும் போடாமல் வருகிறார்கள். அன்று அழுத்தம் 170 என்று காட்டுகிறது. மருந்து போதவில்லையா, போடவில்லையா என்பதைக் கேட்டறியாவிட்டால் தேவையின்றி அளவு கூட்டப்பட்டுவிடும். வேறு அறிவுறுத்தல் இல்லாவிட்டால், வெறும் தண்ணீரோடு அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே வாருங்கள். சர்க்கரை மாத்திரைக்கு இது பொருந்தாது; அது உணவோடு சேர்ந்தது. போட மறந்து வந்திருந்தால், மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். யாரும் கடிந்துகொள்ளப் போவதில்லை.

கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் விரதகாலத்தில் மாத்திரையைத் தவிர்ப்பதும், அதே நிலையில் செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் புறப்பட்டு மலையேறுவதும் எங்களுக்குக் கவலை தரும் செயல். ரமலான் நோன்பு வைப்போரில் பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை மருந்தாக மாற்றி, சஹரிலோ இஃப்தாரிலோ போடும்படி அமைத்துத் தர இயலும். நோன்பு தொடங்குமுன் ஒருமுறை வாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும் நாள்களில் மட்டும் நிலைமை வேறு. உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீர்ப் பெருக்கி, டெல்மிசார்டன், எனலாப்ரில் வகைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். அன்றே மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

மருந்து கிடைப்பது குறித்து ஒரு சொல். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து முதல்வர் மருந்தகங்களும் செயல்படுகின்றன. மாத்திரை தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் பக்கவிளைவுகளையும் சொல்லலாம். அட்டையை வாங்கி வைப்பதோடு பேச்சு முடிந்துவிடத் தேவையில்லை.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி கடைசிவரை மிஞ்சும்படி மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிவைக்க வேண்டா. மருத்துவமனைக்கு வரும்போது சீட்டு மட்டும் போதாது. வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், வலிமாத்திரை, லேகியம், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அட்டையின் பின்புறத்தில் காலைக்குச் சூரியனையும் இரவுக்குப் பிறையையும் வரைந்து கொடுங்கள். பேரக்குழந்தைகள் இதை விருப்பத்தோடு செய்வார்கள். புறப்படுமுன் ‘எந்த மாத்திரை, எப்போது, எதற்கு என்று நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்’ என்று நாங்களோ செவிலியரோ கேட்டால், அதைத் தேர்வு என்று எண்ண வேண்டா. நாங்கள் விளங்கச் சொன்னோமா என்று எங்களையே சோதித்துக்கொள்ளும் முறை அது. நாங்கள் கேட்க மறந்தால் நீங்களே சொல்லிக் காட்டலாம்.

இத்தனை முயற்சியின் பயன் எவ்வளவு? ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கின்படி, மேல் அளவு பத்து அலகு குறைந்தாலே பக்கவாதம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 27 பங்கு குறைகிறது. மாத்திரையைப் போட்டதால் வராமற்போன பக்கவாதம் எவர் கண்ணிலும் படுவதில்லை. நாள்தோறும் விழுங்கும் சலிப்பு மட்டுமே தெரிகிறது. அந்தச் சலிப்பு இயல்பானதே.

அவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்கு முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கையோ காலோ தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, வீட்டில் வைத்து அழுத்தத்தை இறக்கக் கூடுதல் மாத்திரை கொடுக்காதீர்கள். நாக்கின் அடியிலும் வைக்காதீர்கள். அழுத்தம் திடீரெனச் சரிந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் மேலும் குறையும்; விழுங்க இயலாதவருக்குப் புரையேறவும் கூடும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். வரும்போது மாத்திரைப் பையையும் எடுத்து வாருங்கள்.